பழைய போட்டோவில் உள்ள போர் விமானம் எது? குறிகளை வைத்துக் கண்டுபிடிப்பது எப்படி?

வீட்டிற்குக் கம்ப்யூட்டர் வந்தவுடன் பலரும் செய்யும் முதல் நல்ல காரியம், பீரோவில் கிடக்கும் பழைய போட்டோக்களை ஸ்கேன் செய்து பத்திரப்படுத்துவது. அப்படிச் செய்யும்போது சில படங்கள் நம்மைக் கேள்வி கேட்கும். இது யார்? எந்த ஊர்? எந்த வருடம்? சென்ற மாதம் எனக்கு வந்த கேள்வி கொஞ்சம் வித்தியாசமானது. இந்த விமானம் எது?

கேட்டவர் என் நண்பனின் தாத்தா. திருச்சியில் இருக்கிறார். அவருக்குச் சதாபிஷேகம் நடக்க இருந்தது. அதற்காகக் குடும்ப வரலாற்றை ஒரு சிறு புத்தகமாக அச்சிட ஏற்பாடு செய்திருந்தார்கள். பக்கங்களை அமைத்துக் கொடுக்கும் வேலை, நான் சாப்ட்வேர் இன்ஜினியர் என்ற ஒரே காரணத்திற்காக, என் தலையில் விழுந்தது. (நம் வீடுகளில் சாப்ட்வேர் இன்ஜினியர் என்றால் பிரின்டர் ரிப்பேர் முதல் பத்திரிகை டிசைன் வரை எல்லாம் தெரியும் என்று அர்த்தம்.)

தாத்தாவின் ஆல்பத்தில் ஆங்கிலப் பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டிய ஒரு படம் இருந்தது. வானில் அணிவகுத்துப் பறக்கும் போர் விமானங்கள். படத்தின் கீழே இருந்த அச்சு வரி கத்தரிக்கப்பட்டு, அங்கே தாத்தாவின் அப்பா மையால் எழுதி வைத்திருந்தார்: "நம் பணத்தில் வாங்கிய ஹரிகேன்." அவர் தஞ்சாவூர்ப் பக்கம் ஆரம்பப் பள்ளி ஆசிரியர். இரண்டாம் உலகப் போரின்போது மதராஸ் மாகாணத்தில் திரட்டிய யுத்த நிதிக்கு ஐந்து ரூபாய் கொடுத்தவர். அன்றைய ஆசிரியர் வீட்டில் ஐந்து ரூபாய் சின்னத் தொகை இல்லை.

"தம்பி, இந்தப் பக்கத்தை முதல் பக்கமாப் போடணும். அப்பா எழுதினதை அப்படியே கீழே போட்டுடு" என்றார் தாத்தா. அச்சகத்திற்குக் கொடுக்க ஒரு வாரம்தான் இருந்தது. முந்நூறு பிரதிகள். அச்சில் ஏறிவிட்டால் பேரன் பேத்திகளுக்கு அதுதான் வரலாறு. அதனால் அது உண்மைதானா என்று பார்த்துவிடுவோம் என நினைத்தேன். நான் செய்த வழிமுறைகளையும், நடுவில் செய்த தவறையும் இங்கே தருகிறேன். உங்கள் வீட்டு ஆல்பத்திலும் இப்படி ஒரு படம் இருந்தால் உதவும்.

முதல் வேலை: சரியாக ஸ்கேன் செய்வது

ஸ்கேனருடன் வரும் சாப்ட்வேரைத் திறந்தால் ரெசல்யூஷன் என்ற இடத்தில் பெரும்பாலும் 150 அல்லது 200 டிபிஐ என்று இருக்கும். கடிதங்களுக்கு இது போதும். சிறிய எழுத்தைப் படிக்க வேண்டிய போட்டோவிற்குப் போதாது. டிபிஐ என்பது ஒரு அங்குல நீளத்தில் ஸ்கேனர் எத்தனை புள்ளிகளைப் பதிவு செய்கிறது என்பதைக் காட்டும் எண்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பிரிட்டிஷ் போர் விமானங்களின் உடலில் தீட்டப்பட்ட பதிவு எண்ணின் உயரம் 8 அங்குலம், அதாவது சுமார் 20 சென்டிமீட்டர். விமானத்தின் நீளம் 10 முதல் 11 மீட்டர். உங்கள் படத்தில் விமானம் 7 சென்டிமீட்டர் நீளம் இருந்தால், அந்த எண் வெறும் 1.3 மில்லிமீட்டர் உயரம்தான் இருக்கும். 150 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் அதன் உயரம் 8 பிக்ஸல். 600 டிபிஐ வைத்தால் சுமார் 30 பிக்ஸல். எட்டுப் பிக்ஸலில் 3, 5, 6, 8 ஆகிய நான்கும் ஒன்றுபோலத்தான் தெரியும். முப்பது பிக்ஸலில் பிரித்துப் படிக்கலாம்.

எனவே இவற்றைக் கவனத்தில் கொள்ளுங்கள்.

1. 600 டிபிஐ அல்லது அதற்கு மேல் வையுங்கள்.

2. கறுப்பு வெள்ளைப் படமாக இருந்தாலும் கலர் அல்லது கிரே ஸ்கேல் தேர்ந்தெடுங்கள். "பிளாக் அண்ட் ஒயிட்" என்பதைத் தேர்ந்தெடுத்தால் சாம்பல் நிறங்கள் எல்லாம் போய்விடும்.

3. டிஃப் அல்லது பிஎன்ஜி வகை பைலாகச் சேமியுங்கள். ஜேபெக் வகை, பைலின் அளவைக் குறைப்பதற்காக எழுத்துகளின் ஓரங்களில் கறை போன்ற புள்ளிகளை உண்டாக்கும்.

4. ஒரிஜினல் பைலைத் தொடாதீர்கள். ஒரு காப்பி எடுத்து அதில் மட்டும் வேலை செய்யுங்கள்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் படம் போட்டோ பேப்பரில் பிரின்ட் போட்டதாக இருந்தால் மேலே சொன்ன கணக்கு அப்படியே பொருந்தும். பத்திரிகையிலிருந்து வெட்டியதாக இருந்தால் பொருந்தாது. பத்திரிகைப் படம் என்பது சிறு மைப் புள்ளிகளின் கூட்டம். லென்ஸ் வைத்துப் பார்த்தால் தெரியும். அந்தப் புள்ளியை விடச் சிறிய விவரம் படத்திலேயே கிடையாது. டிபிஐயைக் கூட்டினால் புள்ளிதான் பெரிதாகத் தெரியும். தாத்தாவின் படம் இந்த வகை. இது பின்னால் எனக்குத் தொல்லை கொடுத்தது.

இரண்டாவது வேலை: படத்தைத் தெளிவாக்குவது

இதற்கு விலை கொடுத்து சாப்ட்வேர் வாங்க வேண்டாம். ஜிம்ப் என்ற இலவச சாப்ட்வேர் போதும். அதில் படத்தைத் திறந்து, கலர்ஸ் மெனுவில் லெவல்ஸ் என்பதைக் கிளிக் செய்யுங்கள். மலை போன்ற ஒரு வரைபடமும், அதன் கீழே மூன்று சிறு முக்கோணங்களும் தோன்றும். இடது ஓர முக்கோணத்தை மலை தொடங்கும் இடத்திற்கும், வலது ஓர முக்கோணத்தை மலை முடியும் இடத்திற்கும் மவுஸால் இழுத்து வையுங்கள். மங்கிப்போன படம் பளிச்சென்று ஆகும். நடு முக்கோணத்தை இடமும் வலமும் மெதுவாக நகர்த்தினால் நிழலில் மறைந்திருக்கும் எழுத்துகள் எட்டிப் பார்க்கும்.

பத்திரிகைப் படமாக இருந்தால், ஃபில்டர்ஸ் மெனுவில் பிளர் பிரிவில் உள்ள காஸியன் பிளரை மிகக் குறைந்த அளவில் கொடுங்கள். தெளிவாக்க வேண்டிய படத்தை ஏன் மங்கலாக்க வேண்டும் என்று கேட்பீர்கள். மைப் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்தால்தான் நம் கண் எழுத்தைப் பார்க்கும். இல்லாவிட்டால் புள்ளிகளை மட்டுமே பார்த்துக் கொண்டிருக்கும்.

அடுத்து, படம் இடவலம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். நெகட்டிவைத் திருப்பிப் போட்டுப் பிரின்ட் எடுத்த படங்கள் நிறைய உண்டு. விமானத்தில் உள்ள எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் தெரிந்தால், இமேஜ் மெனுவில் டிரான்ஸ்ஃபார்ம் பிரிவுக்குச் சென்று ஃபிளிப் ஹாரிசான்டலி என்பதைக் கிளிக் செய்யுங்கள்.

மூன்றாவது வேலை: உருவத்தைப் பார்ப்பது

குறிகளுக்குப் போகும் முன் விமானத்தின் வகையைத் தெரிந்துகொள்ள வேண்டும். எத்தனை இன்ஜின், இறக்கை எங்கே இணைகிறது, விமானி அமரும் இடம் எப்படி இருக்கிறது, இவ்வளவு பார்த்தாலே போதும்.

தாத்தாவின் படத்தில் ஒற்றை இன்ஜின், தாழ்வான இறக்கை. பார்த்தவுடன் ஹரிகேன் போலத்தான் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தபோது விமானியின் இருக்கைக்குப் பின்னால் ஒட்டகத்தின் திமில் போல ஒரு கண்ணாடிக் கூண்டு தெரிந்தது. ஹரிகேனில் அது கிடையாது. அது நான்கு இயந்திரத் துப்பாக்கிகள் பொருத்தப்பட்ட சுழலும் கூண்டு. அதற்குள் இரண்டாவதாக ஒரு ஆள் இருப்பார். அப்படியானால் இது போல்டன் பால் நிறுவனத்தின் டிஃபையன்ட்.

டிஃபையன்ட்டில் விமானிக்கு முன்னோக்கிச் சுடும் துப்பாக்கி எதுவும் இல்லை. சுடுவதெல்லாம் பின்னால் இருப்பவர் வேலை. 1940 மே மாதம் டன்கர்க் கடற்கரைக்கு மேலே நடந்த சண்டையில், ஜெர்மன் விமானிகள் இதை ஹரிகேன் என்று நினைத்துப் பின்பக்கமாக வந்து இந்த நான்கு துப்பாக்கிகளிடம் மாட்டிக்கொண்டார்கள் என்று பல வரலாற்று நூல்கள் சொல்கின்றன. உயிரைப் பணயம் வைத்துப் பறந்தவர்களே குழம்பினார்கள் என்றால், தஞ்சாவூரில் பத்திரிகை பார்த்த ஆசிரியர் குழம்பியதில் ஆச்சரியம் இல்லை.

நான்காவது வேலை: குறிகளைப் படிப்பது

இப்போது முக்கியமான கட்டம். அந்தக் காலப் பிரிட்டிஷ் விமானத்தில் மூன்று வகைக் குறிகள் இருக்கும். இவற்றை நம் ஊர் பஸ்ஸோடு ஒப்பிட்டால் எளிதாகப் புரியும்.

முதலாவது வட்டச் சின்னம். சிவப்பு, வெள்ளை, நீலம். இது எந்த நாட்டு விமானம் என்பதைச் சொல்லும். பஸ்ஸில் அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் சின்னம் போல.

இரண்டாவது பெரிய எழுத்துகள். வட்டத்திற்கு ஒரு பக்கம் இரண்டு எழுத்து, மறு பக்கம் ஒரு எழுத்து. இரண்டு எழுத்துகள் எந்தப் படைப்பிரிவு, அதாவது எந்த ஸ்குவாட்ரன் என்பதைக் குறிக்கும். ஒற்றை எழுத்து அந்தப் பிரிவுக்குள் எந்த விமானம் என்பதைக் குறிக்கும். இது பஸ்ஸின் ரூட் போர்டு போல. ஒரு பஸ் பழுதானால் அதே போர்டை வேறு பஸ்ஸில் மாட்டுவார்கள் அல்லவா? அதேபோல் ஒரு விமானம் விழுந்தால் அதன் எழுத்து அடுத்த விமானத்திற்குப் போகும். 1939 செப்டம்பரில் போர் தொடங்கியபோது இந்த இரண்டெழுத்துக் குறிகள் பெரும்பாலும் மாற்றப்பட்டன. எனவே அதற்கு முந்தைய பட்டியலைப் பார்த்து ஏமாறக் கூடாது.

மூன்றாவது பதிவு எண். வாலுக்கு முன்னால் சிறிதாக இருக்கும். ஒரு ஆங்கில எழுத்தும் நான்கு எண்களும், அல்லது இரண்டு எழுத்தும் மூன்று எண்களும். இது பஸ்ஸின் சேசிஸ் நம்பர். ஒரு விமானத்திற்கு ஒன்றுதான். விமானம் அழிந்தாலும் வேறொன்றுக்குப் போகாது.

நாம் கண்டுபிடிக்க வேண்டியது இந்த மூன்றாவதை. ஆனால் மூன்றிலும் சிறியது அதுதான். போர்க் காலத்தில் பத்திரிகைகளுக்குக் கொடுத்த படங்களில் தணிக்கை அதிகாரிகள் எழுத்துகளையும் எண்களையும் அழித்துவிடுவதும் உண்டு. ஆகவே எண் தெரியவில்லை என்றால் எண்ணே எழுதப்படவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

தாத்தாவின் படத்தில் பெரிய எழுத்துகள் நன்றாகவே தெரிந்தன. அணியின் முன்னால் சென்ற விமானத்தில் பிஎஸ், பக்கத்தில் ஏ. (இந்த பி பாரிசின் பி, பம்பாயின் பி அல்ல. தேடும்போது கவனம்.) சிறிய எண்தான் தகராறு. என் 153 வரை படிக்க முடிந்தது. கடைசி இலக்கம் ஐந்தா ஆறா?

நான் செய்த தவறு

அந்த நேரத்தில் அவசரப்பட்டேன். மங்கலான படத்தைச் செயற்கை நுண்ணறிவால் துல்லியமாக்கித் தருகிறோம் என்று சொல்லும் ஒரு இணையச் சேவையில் படத்தை ஏற்றினேன். சில விநாடிகளில் படம் பளபளவென்று திரும்பி வந்தது. எண் அச்சடித்ததுபோல் தெரிந்தது: என் 1536. சந்தோஷமாக நண்பனுக்கு போன் செய்து சொல்லிவிட்டேன்.

இரவு படுத்த பிறகுதான் உறைத்தது. படத்தில் இல்லாத விவரம் எங்கிருந்து வந்தது? அந்தச் சாப்ட்வேர் லட்சக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகியது. மங்கலான இடத்தில் என்ன இருந்தால் பார்க்க நன்றாக இருக்கும் என்று ஊகித்து வரைகிறது. முகத்திற்கு அது சரியாகத் தோன்றலாம். எண்ணைப் பொறுத்தவரை ஊகம் என்பது பொய்தான். ஒரு இலக்கம் மாறினால் அது வேறு விமானம். அதில் இருந்தவர்கள் வேறு இரண்டு மனிதர்கள். தொழில்முறையில் சாப்ட்வேர் எழுதும் நானே இதில் விழுந்தேன் என்பதால்தான் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். படிப்பதற்கு இத்தகைய சேவைகளைப் பயன்படுத்தாதீர்கள். லெவல்ஸ் போன்ற வசதிகள் இருப்பதைத்தான் எடுத்துக் காட்டும். புதிதாக எதையும் வரையாது.

ஐந்தாவது வேலை: இன்டர்நெட்டில் சரிபார்ப்பது

படிக்க முடிந்ததை மட்டும் வைத்துத் தேடுவதே நல்லது. விமானத்தின் வகையையும் பிஎஸ் என்ற குறியையும் ஆங்கிலத்தில் டைப் செய்து தேடினேன். டிஃபையன்ட் விமானங்களில் பிஎஸ் என்ற குறி 264ஆம் படைப்பிரிவுக்கு உரியது என்று தெரிந்தது. டிஃபையன்ட்டை முதலில் பெற்ற பிரிவும் இதுதான்.

இங்கேதான் எனக்குச் சிலிர்த்தது. பிரிட்டிஷ் விமானப் படையின் ஏடுகளில் அந்தப் பிரிவின் முழுப் பெயர்: 264 (மதராஸ் பிரசிடென்சி) ஸ்குவாட்ரன். போர் நிதி கொடுத்த பகுதிகளின் பெயரைப் படைப்பிரிவுகளுக்குச் சூட்டும் வழக்கம் அப்போது இருந்தது. ஹைதராபாத்தின் பெயரிலும் பிரிவுகள் இருந்தன. மதராஸ் மாகாணத்தின் பெயரை 79, 234, 264 ஆகிய மூன்று பிரிவுகள் தாங்கின. இதில் 79ஆம் பிரிவு 1940-இல் பறந்தது ஹரிகேனில்தான். ஆசிரியர் எங்கோ சரியாகக் கேள்விப்பட்டிருக்கிறார்!

அடுத்தது அந்தக் கடைசி இலக்கம். லண்டனில் உள்ள இம்பீரியல் போர் அருங்காட்சியகம் தன் புகைப்படத் தொகுப்பை இன்டர்நெட்டில் வைத்திருக்கிறது. அதில் 264ஆம் பிரிவு, டிஃபையன்ட் என்று தேடியபோது அதே படம் கிடைத்தது. கத்தரித்துப் போன அச்சு வரிக்குப் பதிலாக முழு விவரமும் இருந்தது. 1940 ஆகஸ்ட், லிங்கன்ஷயரில் உள்ள கிர்ட்டன் இன் லிண்ட்சே தளத்தைச் சேர்ந்த விமானங்கள். பிஎஸ் ஏ என்பது என் 1535. பிஎஸ் ஆர் என்பது என் 1536. இரண்டும் ஒரே படத்தில் இருக்கின்றன! முன்னால் செல்வது ஏ. ஆகவே என் 1535. பளபளப்பான படம் சொன்னது தவறு.

அருங்காட்சியகமே சொல்லிவிட்ட பிறகு வேலை முடிந்தது என்று விடாதீர்கள். பழைய படங்களின் விளக்கக் குறிப்புகளிலும் பிழை இருக்கும். ஒரு தளத்தில் உள்ள தவறை ஐம்பது தளங்கள் காப்பி செய்திருக்கும். ஐம்பது பேர் சொல்கிறார்கள் என்பதால் அது ஐம்பது சாட்சி ஆகிவிடாது. படத்திலேயே உள்ள குறிகள் அந்தத் தேதிக்கு ஒத்து வருகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

குறிகள் சொல்லும் தேதி

விமானத்தில் தீட்டும் சின்னங்களைப் போர்க் காலத்தில் அடிக்கடி மாற்றினார்கள். ஒவ்வொரு மாற்றத்திற்கும் தேதி உண்டு. அதுவே நமக்குக் காலண்டர்.

பிரிட்டிஷ் விமானங்களின் உடல் பக்க வட்டத்தைச் சுற்றி மஞ்சள் வளையமும், வால் துடுப்பில் மூவண்ணப் பட்டையும் 1940 மே மாதம் முதல் போடப்பட்டன. தாத்தாவின் படத்தில் இரண்டும் உள்ளன. ஆகவே படம் அதற்கு முன்னால் எடுத்ததல்ல. வாலுக்கு முன்னால் உடலைச் சுற்றி வெளிர் நிறப் பட்டை போடும் வழக்கம் 1940 நவம்பர் இறுதியில் போர் விமானங்களுக்கு வந்தது. படத்தில் அது இல்லை. ஆக, மே முதல் நவம்பருக்குள். அருங்காட்சியகம் சொல்லும் ஆகஸ்ட் இதற்குள் அடங்குகிறது.

கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறத்தை நம்பி முடிவெடுக்க வேண்டாம். அந்தக் காலத்தில் ஒரு வகை பிலிமுக்குச் சிவப்பு நிறமே தெரியாது. அதில் சிவப்பு கறுப்பாகவும், மஞ்சள் கருமையாகவும், நீலம் வெளிறியும் பதிவாகும். வேறு வகை பிலிமில் மஞ்சள் வெளிர் சாம்பலாக இருக்கும். எனவே எத்தனை வளையம், எவ்வளவு அகலம் என்று எண்ணிப் பாருங்கள். இது கறுப்பு, ஆகவே நீலம் என்று ஊகிக்காதீர்கள். இன்டர்நெட்டில் கலர் பூசிக் கிடைக்கும் பழைய படங்களையும் இதற்கு ஆதாரமாகக் கொள்ள வேண்டாம்.

வேறு நாட்டு விமானமாக இருந்தால் இந்தச் சின்னக் குறிப்புகள் உதவும்.

அமெரிக்கா: 1942 மே மாதம் வரை வெள்ளை நட்சத்திரத்தின் நடுவில் சிவப்பு வட்டம் இருந்தது. ஜப்பானியரின் சிவப்பு வட்டத்தோடு குழம்பக் கூடாது என்று அதை எடுத்துவிட்டார்கள். 1943-இன் நடுவில் நட்சத்திரத்தின் இரு புறமும் வெள்ளைப் பட்டைகள் வந்தன. 1947-இல் அந்தப் பட்டைக்குள் சிவப்புக் கோடு வந்தது. வால் எண்ணில் ஆர்டர் கொடுத்த வருடத்தின் முதல் இலக்கம் இருக்காது. உதாரணமாக, புகழ்பெற்ற மெம்பிஸ் பெல் குண்டுவீச்சு விமானத்தின் வாலில் 124485 என்று இருக்கும். அதன் முழு எண் 41-24485. அதாவது 1941ஆம் ஆண்டுக் கணக்கில் ஆர்டர் செய்தது.

பர்மா, இந்தியப் போர்முனை: ஜப்பானியக் குழப்பம் இங்கேயும் இருந்ததால் பிரிட்டிஷ், இந்திய விமானங்களின் வட்டத்திலிருந்து சிவப்பை நீக்கி நீலத்தை மட்டும் வைத்தார்கள். இரு சாயலில் ஒரு சிறு வட்டம் மட்டும் தெரிந்தால் இந்தப் பக்கம் தேடுங்கள்.

ஐரோப்பா, 1944: இறக்கையிலும் உடலிலும் வெள்ளை, கறுப்பு மாறி மாறி ஐந்து பட்டைகள் இருந்தால் அது 1944 ஜூன் நார்மண்டித் தரையிறக்கத்தை ஒட்டியோ அதற்குப் பின்னரோ எடுத்த படம்.

பதிவு எண் சொன்ன கதை

பதிவு எண் உறுதியான பிறகு மற்ற விவரங்கள் தானாக வந்தன. டிஃபையன்ட்டின் முதல் ஆர்டர் எல் 6950 என்ற எண்ணில் தொடங்கியது. அடுத்த ஆர்டர் 202 விமானங்கள். அதன் முதல் எண்தான் என் 1535. (இந்த 202 எண்களும் தொடர்ச்சியாக இருக்காது. எதிரி எண்ணைப் பார்த்து உற்பத்தியைக் கணக்கிடக் கூடாது என்று நடுநடுவே இடைவெளி விட்டிருப்பார்கள்.) இந்த ஆர்டர் கொடுக்கப்பட்டது 1939 செப்டம்பரில் போர் தொடங்குவதற்கு முன்பே.

இதன் பொருள் என்ன? யுத்த நிதியை மக்களிடம் திரட்டியது போர் தொடங்கிய பிறகு. ஆசிரியர் கொடுத்த ஐந்து ரூபாயில் இந்த விமானத்தை வாங்கியிருக்க முடியாது. நன்கொடையில் வாங்கியதாகக் கணக்கு வைத்த விமானங்களில் விமானி அமரும் இடத்தின் அருகே கொடுத்தவர் பெயரை எழுதுவது வழக்கம். இந்த விமானத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை.

இன்னொன்றும் தெரிய வந்தது. பிஎஸ் ஏ என்பது 264ஆம் பிரிவின் தலைவர் ஸ்குவாட்ரன் லீடர் பிலிப் ஹன்டர் ஓட்டிய விமானம். படம் எடுத்த அதே ஆகஸ்ட் மாதத்தின் இறுதி வாரங்களில் இந்தப் பிரிவை லண்டனுக்கு அருகே ஹார்ன்சர்ச் தளத்திற்கு அனுப்பினார்கள். இதற்குள் ஜெர்மானியருக்கு டிஃபையன்ட்டின் பலவீனம் தெரிந்துவிட்டது. ஆகஸ்ட் 24-ஆம் தேதி, மான்ஸ்டன் அருகே ஒரு ஜெர்மன் குண்டுவீச்சு விமானத்தைத் துரத்திக்கொண்டு என் 1535 கடல் பக்கம் போவதைப் பார்த்தார்கள். பிறகு அது திரும்பவில்லை. ஹன்டரும், பின்னால் கூண்டில் இருந்த கிங்கும் கிடைக்கவே இல்லை. லண்டனுக்கு மேற்கே ரன்னிமீடில், கல்லறை இல்லாமல் போன 20,000-க்கும் மேற்பட்ட விமானப் படையினரின் பெயர்களைக் கல்லில் பொறித்திருக்கிறார்கள். இவர்கள் பெயரும் அங்கே உள்ளது.

அந்த மாத இறுதிக்குள் பலத்த இழப்போடு 264ஆம் பிரிவைப் பின்னுக்கு அழைத்துக்கொண்டார்கள். அதன் பிறகு டிஃபையன்ட் இரவுச் சண்டைக்குத்தான் அதிகம் பயன்பட்டது. ஆயிரத்துக்கும் மேல் செய்ததில் முழுமையாக இன்று எஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று: என் 1671. பிரிட்டிஷ் ராயல் விமானப் படை அருங்காட்சியகத்தில் உள்ளது.

தேதியைப் பற்றிய கடைசிச் சாட்சியும் இதில் கிடைத்துவிட்டது. 24-ஆம் தேதிக்குப் பின் என் 1535 இல்லை. ஆகவே தாத்தாவின் படம் அதற்கு முன்னால் எடுத்தது. ஒருவேளை சில நாட்கள் முன்னால்தான்.

தாத்தாவிடம் சொன்னது

கண்டுபிடிப்பதை விடச் சொல்வது கடினமாக இருந்தது. லேப்டாப்பை எடுத்துக்கொண்டு திருச்சிக்குப் போனேன். படத்தைப் பெரிதாக்கி, துப்பாக்கிக் கூண்டைக் காட்டி, எழுத்துகளைக் காட்டி, ஒவ்வொன்றாகச் சொன்னேன். இது ஹரிகேன் இல்லை. உங்கள் அப்பா பணத்தில் வாங்கியதும் இல்லை. ஆனால் இந்தப் பிரிவு நம் மாகாணத்தின் பெயரைத் தாங்கியது உண்மை.

தாத்தா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கேட்டார்: "அப்போ அப்பா குடுத்த காசு போய்ச் சேர்ந்துதா இல்லையா? அதைச் சொல்லு தம்பி."

ஒரு தனி ரூபாய் எங்கே போனது என்று எந்தப் பதிவு எண்ணும் சொல்லாது. மாகாணம் கொடுத்ததற்கு அடையாளமாகத்தான் மூன்று பிரிவுகளுக்கு அந்தப் பெயர் வந்தது என்று சொன்னேன். "அது போதும்" என்றார். பிறகு மறுபடி படத்தைப் பார்த்து, "இதுல இருந்த ரெண்டு பேர் பேரு என்ன சொன்னே?" என்று கேட்டு எழுதி வைத்துக்கொண்டார்.

புத்தகத்தில் அந்தப் பக்கம் முதல் பக்கமாகவே வந்தது. அப்பாவின் கையெழுத்தை அப்படியே வைத்தோம். அதன் கீழே, சிறிய எழுத்தில்: "டிஃபையன்ட் என் 1535, 264 (மதராஸ் பிரசிடென்சி) ஸ்குவாட்ரன், ஆகஸ்ட் 1940. விமானி ஹன்டர், துப்பாக்கி வீரர் கிங். ஆகஸ்ட் 24 அன்று திரும்பவில்லை."

உங்கள் வீட்டுப் படத்திற்கு

சுருக்கமாக வரிசையை நினைவில் வையுங்கள். நன்றாக ஸ்கேன் செய்யுங்கள். இருப்பதை மட்டும் தெளிவாக்குங்கள். முதலில் உருவம், பிறகு நாட்டுச் சின்னம், பிறகு பெரிய எழுத்துகள், கடைசியில் பதிவு எண் என்று போங்கள். படித்த எண்ணையும் சின்னங்களின் தேதியையும் ஒன்றோடொன்று பொருத்திப் பாருங்கள். இரண்டும் முரண்பட்டால் எங்கோ தவறு இருக்கிறது. படிக்க முடியாத இலக்கத்திற்குக் கேள்விக்குறி போட்டுவிடுங்கள். தவறான எண்ணை விட அது எவ்வளவோ மேல்.

கண்டுபிடித்த விவரங்களை பைல் பெயரிலேயே சேர்த்துச் சேமித்து வையுங்கள். "ஸ்கேன் 0047" என்ற பெயரில் இருக்கும் படம், இருபது வருடம் கழித்து நம் பிள்ளைகளிடம் மறுபடியும் முதலிலிருந்து கேள்வி கேட்கும். வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே ஆல்பத்தை எடுத்து ஸ்கேனரில் வையுங்கள். பாதிப் பதில்கள் கம்ப்யூட்டரில் கிடைக்கும். மீதியை அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.